முன்னாள் மாணவர் நாளைப் பள்ளி நடக்கும் நாளிலேயே வைக்க முடியுமா? கடலூரிலிருந்து ஒரு கேள்வி

கெடிலக்கரை (கடலூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தவன். முன்னாள் மாணவர் என்ற முறையில் இப்போது அதே பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். என் கேள்வி முன்னாள் மாணவர் சந்திப்பைப் பற்றியதுதான் என்றாலும், அதைவிட இன்று அங்கே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றியது.

நம் பக்கத்தில் இந்தச் சந்திப்புகள் எப்படி நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஒரே ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார்கள். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமண மண்டபம் ஒன்றைப் பிடித்து, பழைய ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, குழுப்படம் எடுத்துக்கொண்டு, விருந்து முடித்துக் கலைகிறார்கள். கையில் மிஞ்சியதைக் கொண்டு பள்ளிக்கு மின்விசிறியோ குடிநீர்த் தொட்டியோ வாங்கித் தருவதும் உண்டு. இதில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை; பல ஆண்டுகள் பார்க்காத தோழனின் கையைப் பிடித்துக்கொள்ளும் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அந்த மகிழ்ச்சி நடக்கும் நேரத்தில் பள்ளி கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கிறது. அங்கே படிக்கும் ஒரு பிள்ளைக்குக்கூடத் தன் வகுப்பறையில் முன்பு யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிய வருவதில்லை.

என் தங்கை குடும்பம் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகரை ஒட்டிய ஊரில் இருக்கிறது. தங்கை மகள் அங்கே பதினோராம் வகுப்பு படிக்கிறாள். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர், அக்டோபர் வந்துவிட்டால் அவளுக்கு ‘ஹோம்கமிங்’ என்ற, முன்னாள் மாணவர்களைப் பள்ளிக்குத் திரும்ப அழைக்கும் விழாவைப் பற்றிய பேச்சுதான். அவள் அனுப்பிய படங்களில் நான் கவனித்தது ஒன்று: ஊர்வலம், இசை, விளையாட்டு என்று எல்லாவற்றையும் நடத்துபவர்கள் படிக்கும் மாணவர்கள், முன்னாள் மாணவர்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். நம் ஊர் முறைக்கு இது நேர் எதிரானது.

அந்த விழா அங்கே உண்மையில் எப்படி நடக்கிறது, ஏன் இலையுதிர் காலத்தில் நடக்கிறது, அதில் எதை நாம் எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன். நமக்கு அந்த மாதங்கள் மழைக்காலம் என்பதால், எந்த நாளில் வைப்பது என்ற யோசனையும் தேவைப்படுகிறது. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை முன்வைக்க விரும்புகிறேன்.

---

வில்லியனூர் வாசகி (புதுச்சேரி) எழுதியது:

ஐயா, வணக்கம். என் கணவரின் வேலை காரணமாக நாங்கள் டெக்சாஸில் நெடுங்காலம் இருந்து, பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு முடிந்தபின் புதுச்சேரிக்குத் திரும்பினோம். என் மூத்த மகன் பள்ளி இசைக்குழுவில் டிரம்பெட் வாசித்தவன் என்பதால், அந்த விழா வேலைகளுக்குள் நானும் புகுந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே கல்வியாண்டு ஆகஸ்ட் நடுவிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஆரம்பிக்கிறது. அமெரிக்கக் கால்பந்துப் பருவமும் அப்போதே தொடங்கி நவம்பர் தொடக்கம் வரை வாராவாரம் நடக்கும். பள்ளிகள் வெள்ளிக்கிழமை இரவிலும், கல்லூரிகள் சனிக்கிழமையிலும், தொழில்முறை அணிகள் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆடுவது அங்கே ஊறிப்போன வழக்கம். அந்தப் பருவத்தில் வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும் தொழில்முறை ஆட்டங்கள் தொலைக்காட்சி வழியாகப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களின் கூட்டத்தைக் கவர்ந்துவிடாதபடி தடுக்கும் விதி, 1961ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் ஒன்றிலும் பின்னர் அதற்கு வந்த திருத்தத்திலும் இருக்கிறது. ஆகவே சொந்த மைதானத்தில் நடக்கும் ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி ஒரு வாரத்தைக் கட்டுகிறார்கள். அந்த வாரம் பெரும்பாலும் செப்டம்பர் இறுதிக்கும் அக்டோபர் இறுதிக்கும் இடையில் வரும்.

இது பல்கலைக்கழகங்களிலிருந்து பள்ளிகளுக்கு வந்த வழக்கம். எங்கே முதலில் தொடங்கியது என்பதில் இன்றும் உரிமைப் போட்டி உண்டு. டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகம் 1909ஐயும், இல்லினாய் பல்கலைக்கழகம் 1910ஐயும், மிசௌரி பல்கலைக்கழகம் 1911ஐயும் சொல்கின்றன. மிசௌரியின் கதை உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. கான்சாஸ் அணியுடனான ஆட்டம் அதுவரை வேறொரு நகரில் நடந்து வந்தது. அந்த ஆண்டு அதைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே நடத்த வேண்டி வந்தபோது, கூட்டம் வருமா என்ற கவலை எழுந்தது. விளையாட்டுத் துறையின் தலைவர், படித்து முடித்துச் சென்றவர்கள் எல்லோரையும் வளாகத்துக்கு வரச் சொல்லி அழைத்தார். ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஆட்டம் 3-3 என்று சமனில் முடிந்தது. அழைக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது.

இனி அந்த வாரம். திங்கள் முதல் வியாழன் வரை ஒவ்வொரு நாளும் ஓர் உடைக் கருப்பொருள் இருக்கும்: ஒருநாள் இரவு உடை, ஒருநாள் இரட்டையர்போல் இருவர் ஒரே உடை, ஒருநாள் பழைய காலத்து உடை. வெள்ளியன்று எல்லோரும் பள்ளியின் நிறங்களில் வருவார்கள். நடைவழிகளை வகுப்புவாரியாகப் போட்டி போட்டு அலங்கரிப்பார்கள். வெள்ளியன்று உள்விளையாட்டரங்கில் பள்ளி முழுவதும் கூடி அணியை உற்சாகப்படுத்தும் நிகழ்ச்சி நடக்கும். ஊர்வலமும் உண்டு, பல சிற்றூர்களில் அன்று கடைத்தெருவே நின்று பார்க்கும். இரவு ஆட்டத்தின் இடைவேளையில், மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ‘அரசன், அரசி’க்கு முடி சூட்டுவார்கள். இப்போது சில பள்ளிகள் ஆண், பெண் என்று பிரிக்காமல் இருவரைத் தேர்ந்தெடுக்கின்றன. சனிக்கிழமை நடன நிகழ்ச்சி.

டெக்சாஸில் மட்டும் இன்னொரு வழக்கம் பெரிதாக வளர்ந்திருக்கிறது. மாணவிகள் மார்பில் சாமந்திப் பூ அணிவார்கள். தொடக்கத்தில் அது உண்மைப் பூவாக இருந்தது. இலையுதிர் காலத்தில் பூப்பது சாமந்திதானே. இப்போது துணிப் பூவைச் சுற்றி நாடாக்கள், மணிகள், பொம்மைகள், விளக்குகள் என்று வளர்ந்து, முழங்கால் வரை தொங்கும் அளவுக்கு வந்துவிட்டது. மாணவர்கள் அதன் சிறு வடிவத்தைக் கையில் கட்டிக்கொள்வார்கள். கடையில் வாங்கினால் நூறு, இருநூறு டாலர் எளிதில் ஆகிவிடும். எங்கள் வீட்டில் நானும் மற்ற அம்மாக்களும் சேர்ந்து உட்கார்ந்து செய்தோம். அந்த மாலைகளை நான் இன்றும் விரும்பி நினைக்கிறேன். ஆனால் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அந்த வெள்ளிக்கிழமை பூ அணியாமல் நடந்து போவதையும் பார்த்திருக்கிறேன். நடனத்துக்கு நுழைவுச்சீட்டு, உடை, வெளியில் உணவு என்று செலவு மேலும் ஏறும். உடை இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாட்டைச் சில பள்ளிகள் செய்கின்றன. ஆயினும் இந்தப் பகுதியை நீங்கள் கடலூருக்குக் கொண்டுவர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் படங்களில் அது தெரியாது. இலையுதிர் காலம் அங்கே கொண்டாட்டம் மட்டுமல்ல. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுதான் கடுமையான காலம். கல்லூரிகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குப் பல இடங்களில் நவம்பர் 1 கடைசி நாள். விண்ணப்பக் கட்டுரையை எழுதிக்கொண்டே, மாலையில் இசைக்குழுப் பயிற்சிக்கும் போவார்கள். என் மகன் ஆகஸ்ட் வெயிலில் தொடங்கிய பயிற்சியின் பலன் அந்த ஓர் இடைவேளையில் பத்து நிமிடம் வாசித்ததுதான். அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னாள் இசைக்குழுவினர் சிலர் தங்கள் கருவிகளோடு வந்து அவர்களுடன் நின்று வாசித்தார்கள். நரைத்த தலைகளும் பதினான்கு வயதுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று ஒரே பாட்டை வாசித்தார்கள். உங்கள் பள்ளிக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது என்று எனக்குத் தோன்றுவது இதுதான்: வந்தவர்கள் மேடையில் ஏறாமல், பிள்ளைகள் செய்வதற்குள் இடம் கேட்டுச் சேர்ந்துகொள்வது.

---

முத்தியால்பேட்டை ஆசிரியர் (புதுச்சேரி, ஓய்வு) எழுதியது:

அன்புள்ள கெடிலக்கரை அவர்களுக்கு, உங்கள் நோக்கம் நல்லது. நாள் குறிப்பதில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்பதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

வடகிழக்குப் பருவமழை இயல்பாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. ஐப்பசி பிறந்தபின் கடலூர், புதுச்சேரிக் கரையில் எந்த விழாவுக்கும் உறுதி சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் கரையேறியது. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இங்கே ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் வந்து உங்கள் கடலூரின் கரையோரப் பகுதிகளைச் சூழ்ந்தது. அந்த மாதங்களில் பள்ளிகளே நிவாரண முகாம்களாக மாறுகின்றன. மழை விடுமுறை விட்ட நாள்களுக்கு ஈடாகப் பின்னர் சனிக்கிழமைகளில் வகுப்பு வைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நவம்பரும் டிசம்பரும் கூடாது.

ஜனவரியில் வைக்கலாமே என்று பலர் சொல்வார்கள். பொங்கலுக்கு ஊரைவிட்டுப் போன எல்லோரும் திரும்பி வருகிறார்கள் என்பது உண்மை. பள்ளியில் பொங்கல் விழாவும் நடக்கும். அதோடு சேர்த்துவிடலாம் என்ற எண்ணம் எனக்கும் பல ஆண்டுகள் இருந்தது. ஆனால் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அப்போது திருப்புதல் தேர்வுகளில் இருக்கும். அடுத்து செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு. எங்கள் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு வந்துவிட்டதால் எங்களுக்குப் பிப்ரவரி நடுவிலேயே பொதுத் தேர்வு தொடங்கிவிடுகிறது. பள்ளியின் மூத்த பிள்ளைகள் கலந்துகொள்ள முடியாத விழா நீங்கள் கேட்கும் விழா ஆகாது.

ஆகவே மிஞ்சுவது ஒரு சிறிய இடைவெளி. காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் முடிந்து, விடுமுறை கழிந்து, அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டிப் பள்ளி திறக்கிறது. அதற்கும் மழை தொடங்குவதற்கும் இடையில் இரண்டு வாரம் கிடைக்கும். தேர்வுச் சுமை இறங்கிய மனத்தோடு பிள்ளைகள் இருப்பார்கள். ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் ஜூன் மாதம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பள்ளிக்குப் பழகியும் பழகாமலும் இருக்கும் காலம் அது. அந்த நேரத்தில் இந்தப் பள்ளிக்கு ஒரு நீண்ட வரிசை இருக்கிறது, நாமும் அதில் ஒருவர் என்று அவர்களுக்குத் தெரிந்தால், எஞ்சிய ஆண்டு முழுவதும் அது அவர்களுக்கு உதவும். ஆண்டு முடிவில் தெரிந்து என்ன பயன்? சரசுவதி பூசை, ஆயுத பூசை விடுமுறைகள் எந்தத் தேதியில் வருகின்றன என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டைப் பற்றி: அமெரிக்கக் கால்பந்து நமக்கு எதற்கு? கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் கபடி ஆடாத தெரு எது? குறுவட்டப் போட்டிகளில் ஆடிய பள்ளி அணியும் பக்கத்துப் பள்ளி அணியும் ஆடட்டும். மாணவியர் அணிக்கும் அதே மைதானமும் அதே நேரமும் கொடுங்கள். முன்னாள் மாணவர்கள் பார்க்கட்டும். தங்களில் ஓர் அணி அமைத்து ஆடுகிறோம் என்று அவர்கள் புறப்பட்டால், கணுக்கால் பிசகும் என்பது ஒருபுறம் இருக்க, விழா மீண்டும் அவர்களுடையதாகிவிடும்.

‘அரசன், அரசி’ தேர்தல் கட்டாயம் வேண்டாம். அழகும் வசதியும் கொண்டவர்களைக் கைதூக்கும் முறையை நம் பள்ளிக்குள் கொண்டுவந்தால், அது எந்த வழியில் போகும் என்பது முப்பது பேர் உள்ள வகுப்பை நடத்திய எந்த ஆசிரியருக்கும் தெரியும். சாதிப் பெயரும் கட்சி அடையாளமும் உள்ள பேனர்களுக்கு வாசலிலேயே இடமில்லை என்று எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்.

---

அலைகரை (தேவனாம்பட்டினம், கடலூர்) எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் அண்மையில்தான் பள்ளியை விட்டு வெளியே வந்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்து இப்போது சென்னையில் படிக்கிறேன். நாள் குறிப்பதைப் பற்றி ஆசிரியர் ஐயா சொன்னபின் நான் சொல்ல ஒன்றுமில்லை. யாரை அழைப்பீர்கள் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நான் படித்த காலத்தில் பள்ளிக்கு வந்த முன்னாள் மாணவர்கள் என்றால் அதிகாரிகள், மருத்துவர்கள், தொழிலதிபர்கள்தாம். அவர்கள் பேச்சைக் கேட்டு வணங்கினோம். ஆனால் அவர்கள் படித்த உலகம் வேறு. அவர்கள் சொன்ன வழியில் எங்களுக்குத் திறந்திருந்த கதவு எது என்று தெரியவில்லை. கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை எப்படி நிரப்புவது, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று எங்கே வாங்குவது, புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் வங்கிக் கணக்கை எப்போது தொடங்க வேண்டும், விடுதியில் முதல் மாதம் எப்படிப் போகும், ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் முதல் பருவத்தை எப்படித் தாண்டுவது என்பவற்றைச் சொல்லக்கூடியவர்கள், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே பெஞ்சில் இருந்தவர்கள்தாம். அக்டோபரில் அதைக் கேட்டால், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆயத்தம் செய்ய நேரம் இருக்கும். வாசகி அம்மா சொன்ன விண்ணப்பக் கவலை இங்கே மே மாதத்தில் வருகிறது. அப்போது பள்ளி மூடியிருக்கும், கேட்பதற்கு ஆள் இருக்காது.

இன்னொரு வேண்டுகோள். படிப்பை முடிக்காமல் போனவர்களையும் அழையுங்கள். பத்தாம் வகுப்பில் தவறி அப்பாவுடன் கடலுக்குப் போனவர்கள், சிப்காட்டில் ஒப்பந்த வேலையில் இருப்பவர்கள், பதினோராம் வகுப்பின் நடுவில் திருமணம் செய்து வைக்கப்பட்டு நின்றுபோன பெண்கள் ஆகியோரும் அந்தப் பள்ளியில் படித்தவர்களே. என் வகுப்பில் என்னைவிடக் கணக்கு நன்றாகப் போட்ட பெண் ஒருத்தி இன்று குழந்தையோடு பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயர் இல்லை, ஏனென்றால் குழு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கானது. ‘இந்தப் பள்ளியில் ஒருநாளாவது படித்தவர்கள்’ என்று அழைப்பிதழில் எழுதினால் அவள் வருவாள். தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதலாம் என்று அவளுக்கு அங்கே யாராவது சொல்வார்கள். நான் சொன்னால் தோழி சொல்கிறாள் என்று விட்டுவிடுகிறாள்.

---

கெடிலக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. அலைகரைத் தங்கை எழுதியதைப் படித்தபின், எங்கள் அழைப்பு எந்தப் பட்டியலிலிருந்து போக வேண்டும் என்பது தெளிவாயிற்று. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்தே தொடங்க வேண்டும்; தேர்ச்சிப் பட்டியலிலிருந்து அல்ல.

வாசகி அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பணத்துக்கு அங்கே என்ன செய்கிறார்கள்? இங்கே நன்கொடை என்று தொடங்கினால், அதிகம் கொடுத்தவருக்கு முதல் நாற்காலி என்று ஆகிவிடுகிறது.

---

வில்லியனூர் வாசகி எழுதியது:

ஐயா, இசைக்குழு, விளையாட்டு அணி ஒவ்வொன்றுக்கும் பெற்றோர் சேர்ந்து ஒரு துணைக் குழு வைத்திருப்பார்கள். ஆட்டத்தன்று மைதானத்தில் தின்பண்டக் கடை போட்டு நடத்துவது அவர்கள்தாம். சோளப்பொரி, சூடான ரொட்டி, குளிர்பானம் என்று விற்று வரும் பணம் இசைக்குழுவின் சீருடைக்கும் பயணத்துக்கும் போகும். மைதானத்துக்குள் வர நுழைவுச்சீட்டும் உண்டு. பெரிய நன்கொடையாளர்களின் பெயரும் சில இடங்களில் மைதானத்தில் தொங்கும். அந்த நோய் அங்கேயும் இருக்கிறது.

கடை யோசனையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். முறுக்கு, சுண்டல், வேகவைத்த நிலக்கடலை, தேநீர் ஆகியவற்றைப் பெற்றோர் செய்து கொண்டுவர, பத்து ரூபாய்க்கு மேல் எதற்கும் விலை வைக்காமல், கணக்கை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதட்டும். வந்தவர்கள் அனைவரும் அதே வரிசையில் நின்று அதே விலைக்கு வாங்குவார்கள். எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவாகும் என்பதை மாலையிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டால் பேச்சு எழாது. பெரிய தொகை தர விரும்புகிறவர்கள், அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகத் தரட்டும். அதற்கு மேடை தேவையில்லை.

---

முத்தியால்பேட்டை ஆசிரியர் எழுதியது:

பணத்தைப் பற்றி அம்மா சொன்னது சரியான வழி. நான் பாதுகாப்பைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். வேலை நாளில் வெளியார் பலர் வளாகத்துக்குள் வரும்போது, வாசலில் பெயரும் படித்த ஆண்டுகளும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பிள்ளைகளைத் தனித்தனியாகப் படம் எடுத்து இணையத்தில் போடக் கூடாது என்று முன்பே அறிவியுங்கள். வகுப்பறை உரையாடல்களில் ஆசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் வழியாக மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் முன்அனுமதி பெற்றுவிடுங்கள். விருந்தினராக அரசியல் பொறுப்பில் இருப்பவர் எவரையும் அழைக்கவில்லை என்பதைக் கடிதத்திலேயே குறிப்பிட்டால் அனுமதி விரைவில் கிடைக்கும்.

---

கெடிலக்கரை எழுதியது:

மேலாண்மைக் குழுவில் வைக்கவிருக்கும் குறிப்பை இங்கேயும் பகிர்கிறேன். குறை இருந்தால் தெரிவியுங்கள்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அடுத்த வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் வகுப்புகள் வழக்கம்போல் நடக்கும். முற்பகலிலேயே வர இயலும் முன்னாள் மாணவர்கள், தாங்கள் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்த அறைக்குப் போய் ஒரு பாடவேளை பின்வரிசையில் இருந்து கேட்பார்கள். மதிய உணவுக்குப் பின், பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிறு குழுக்களாக அமர, அண்மையில் படித்து வெளியேறியவர்களிடம் தங்கள் கேள்விகளைக் கேட்பார்கள். தனித்தேர்வு எழுத விரும்புவோருக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர விரும்புவோருக்கும் தனியாக ஒரு மேசை இருக்கும். அதன்பின் மைதானத்தில் மாணவியர் கபடி, அடுத்து மாணவர் கபடி. இடையில் கலைத் திருவிழாவில் பங்கேற்ற பிள்ளைகளின் பறையும் சிலம்பமும்; பழைய பறைக் குழுவினர் இருந்தால் அவர்கள் அனுமதி கேட்டுச் சேர்ந்துகொள்ளலாம். நிகழ்ச்சியைத் தொகுப்பதும் அறிவிப்பதும் மாணவர்கள். மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு மட்டும் நிழலில் நாற்காலி போடப்படும்.

ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கப் போகிறேன். சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் மாணவியர் இருட்டுவதற்குள் நகரப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் அரைநாள் விடுப்பு எடுக்கத்தான் வேண்டியிருக்கும். மே மாத ஞாயிறுபோல் வசதியாக இராது என்று சிலர் முணுமுணுப்பார்கள். அந்த மே மாதச் சந்திப்பு அவர்களுக்கு எப்போதும் போல இருக்கட்டும். மழை முன்கூட்டியே வந்துவிட்டால் கபடியை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை வகுப்பறைகளில் நடத்துவோம். வேறு தேதிக்குத் தள்ளிவைப்பதில்லை.

அலைகரைத் தங்கை, உங்கள் தோழியின் வீட்டுக்கு அழைப்பிதழை அஞ்சலில் அனுப்பாமல் எங்கள் குழுவின் பெண் உறுப்பினர் ஒருவரே நேரில் போய்க் கொடுப்பார். குழந்தையையும் அழைத்து வரச் சொல்லுங்கள். அன்று பள்ளியில் ஓர் அறையில் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெற்றோர் இருக்க ஏற்பாடு செய்கிறேன்.

---

அலைகரை எழுதியது:

அப்படியானால் அவள் மட்டுமல்ல, எங்கள் தெருவிலிருந்தே நான்கைந்து பேர் வருவார்கள், அண்ணா. பெயர்களையும் அவர்கள் படித்த ஆண்டுகளையும் எழுதி உங்களுக்குத் தனிமடலில் அனுப்புகிறேன். நானும் சென்னையிலிருந்து வியாழன் இரவே புறப்பட்டு வந்துவிடுவேன். கலந்தாய்வு மேசையில் என்னை உட்கார வையுங்கள்.